மாதம் ஒரு மாரத்தான் ஓடலாமா?

வாசகி கேள்வி:

டாக்டர், எனக்கு 20 வயது. கோவையில் ஹாஸ்டலில் தங்கி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் தம்பிக்கு எட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. ஓர் அறக்கட்டளை உதவியதால்தான் முழுச் சிகிச்சையும் கொடுக்க முடிந்தது. இப்போது நன்றாக இருக்கிறான். அந்த அறக்கட்டளைக்கு ஆறு லட்ச ரூபாய் திரட்டித் தர, 12 மாதத்தில் 12 ஃபுல் மாரத்தான் ஓடுவதாக இன்ஸ்டாகிராமில் அறிவித்தேன். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ஒற்றைக்காலோடு ஓடிய கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிப் படித்ததில் வந்த ஆசை. மூன்று முடித்துவிட்டேன், 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஜனவரி முதல் வாரம் சென்னை, அதே மாதம் மூன்றாவது ஞாயிறு மும்பை.

ஐந்து வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம் ஓர் இடத்தில் வலி. முன்பெல்லாம் ஓட ஓடக் குறையும். இப்போது குறைவதில்லை. ராத்திரி படுத்தாலும் விண்விண்ணென்று தெறிக்கிறது. இரண்டாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். போன ஓட்டத்தன்று வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினேன். எடை 54 கிலோவிலிருந்து 48 ஆகியிருக்கிறது. நாலு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. நிறைய ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் என்று எங்கள் ரன்னிங் குரூப்பில் ஓர் அக்கா சொன்னார். அப்பாவோ, "பொம்பளப் பிள்ளை இப்படி ஓடினா கர்ப்பப்பை இறங்கிடும், நிறுத்து" என்கிறார். பணம் கொடுத்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தம்பி நன்றாக இருக்கிறான் என்ற வரியைப் படித்ததும் மனசு நிறைந்தது. பட்ட உதவியை மறக்காமல் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதற்கு என் மரியாதை. பணம் கொடுத்தவர்களைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கால்.

இன்றிலிருந்து ஓடாதீர்கள். "எப்படி இருக்கிறது, பார்க்கலாமே" என்று இரண்டு கிலோமீட்டர்கூட வேண்டாம். சென்னையும் மும்பையும் இந்த முறை கிடையாது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வலி ஒரே இடத்தில் நிற்கிறது, ஓட ஓடக் குறைந்தது இப்போது குறைய மறுக்கிறது, ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் வலிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்போம். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று உங்கள் குரூப்பில் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டி, ஆள்காட்டி விரல் நுனியால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்ப்ளின்ட்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு உறையும் அதன் விளிம்பும் அழுத்தம் தாங்காமல் முனகுகிற நிலை அது. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுள்ளென்று வலித்து நீங்களே கையை எடுத்துவிட்டால் விரிசலின் பக்கம் சந்தேகம் போகிறது. ஒற்றைக்காலில் குதித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு, அதைச் செய்யாதீர்கள். விரிசல் இருந்தால் அந்தக் குதியே அதைப் பெரிதாக்கிவிடலாம். விரல் சோதனையும் உங்களுக்கு ஒரு புரிதல் வருவதற்காகத்தான், முடிவு சொல்ல வேண்டியது எம்ஆர்ஐ.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே ஆறிவிடும். எம்ஆர்ஐயில் விரிசலாக மாறுவதற்கு முன்னால் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதே தெரிந்துவிடும். அதனால் இந்த வாரமே ஓர் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். "ஐந்து வாரமாக ஓரிடத்தில் வலி, ராத்திரியும் வலி, நாலு மாதமாக பீரியட்ஸ் இல்லை" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். கால் வலிக்குப் போகிற பெண்கள் பீரியட்ஸைப் பற்றிச் சொல்வதில்லை, பல இடங்களில் கேட்பதும் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்று.

உள்விளிம்பில் விழும் விரிசல் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வார ஓய்வில் ஆறும். அதற்கப்புறம் படிப்படியாகத்தான் ஓட்டம். அதே எலும்பின் முன்பக்க விளிம்பில் விழுந்தால் சீக்கிரம் ஆறாது, சிலருக்கு ஆபரேஷன் வரை போகும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே, கவட்டைப் பக்கம் வலி வந்து காலை ஊன்ற முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் விழுந்து, அது முழுதாக முறிந்தால் 20 வயதிலேயே இடுப்பு மூட்டு கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? எலும்பு உயிருள்ள திசு. ஓடும்போது விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை அது தானே சரிசெய்துகொண்டே இருக்கும். அடிபட்ட பகுதியை முதலில் அரித்து எடுத்துவிடும், பிறகு அங்கே புதிதாகக் கட்டும். அரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மூன்று நான்கு மாதம் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பு இருந்ததைவிட பலவீனம். மாதம் ஒரு மாரத்தான் என்றால், முதல் ஓட்டத்துக்கான பழுதுபார்ப்பு பாதியில் நிற்கும்போதே இரண்டாவதும் மூன்றாவதும் வந்துவிடுகின்றன. மாரத்தான் முடிந்த மறுவாரம் தசைவலி போய்விடுவதால் உடம்பு தேறிவிட்டது என்று தோன்றும். தசை சீக்கிரம் தேறும். எலும்பின் காலக்கணக்கு வேறு.

சரி, பீரியட்ஸ்.

உங்கள் குரூப்பில் அந்த அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். பல பெண்கள், சில கோச்சுகள்கூட, மாதவிலக்கு நின்றால் பயிற்சி நன்றாகப் போகிறது என்றே நம்புகிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். செலவாகிற அளவுக்கு உணவு உள்ளே போகாதபோது, இப்போதைக்குத் தேவையில்லாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்தும். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் சமிக்ஞை அடங்குகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, பீரியட்ஸ் நிற்கிறது. எலும்பைக் காப்பதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு பலத்தைச் சேர்க்கிற கடைசி வருடங்களில் நீங்கள் இருக்கிறீர்கள். இப்போது இழப்பதைப் பின்னால் முழுதாகத் திரும்பப் பெற முடியும் என்று சொல்ல முடியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த நிலைக்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் சக்திக் குறைபாடு) என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு பீரியட்ஸ் மாதிரி வெளியே தெரியும் அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகத்தான் பிடிபடும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 48 கிலோ எடைக்கு மாரத்தான் தூரமான 42 கிலோமீட்டர் என்றால் 2,000 கலோரி. ஞாயிற்றுக்கிழமை 30 கிலோமீட்டர் லாங் ரன்னுக்கு 1,440. ஓர் இட்லியில் ஏறத்தாழ 50 கலோரிதான். மெஸ்ஸில் நாலு இட்லி சாப்பிட்டால் 200. மீதி எங்கிருந்து வரும்? ஓடிவிட்டு வருவதற்குள் மெஸ் மூடியிருந்து, பத்து மணி வகுப்புக்கு டீயும் பிஸ்கட்டுமாகப் போகிற ஹாஸ்டல் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆறு கிலோ எங்கே போயிற்று என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அதனால் இப்போதைக்கு உங்கள் முதல் மருந்து சாப்பாடு. ஓடாத நாளிலும் குறைக்காதீர்கள். எலும்பு ஆறுவதற்கே நிறையச் சத்து வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு வேளை ஏதாவது. அறையில் வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பொட்டுக்கடலை எப்போதும் இருக்கட்டும். தினமும் இரண்டு முட்டை, முட்டை சாப்பிடாவிட்டால் ஒரு கிண்ணம் சுண்டலும் தயிரும் பாலும். தம்பிக்காக விரதம் ஏதாவது இருக்கிறீர்கள் என்றால் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள், கோயிலுக்குப் போவதை விட வேண்டாம். பழைய எடை திரும்பினாலும் பீரியட்ஸ் வரச் சில மாதம் ஆகலாம். பொறுமை வேண்டும்.

மருத்துவர் முதலில் கர்ப்பச் சோதனை எழுதினால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பீரியட்ஸ் நின்ற யாருக்கும் அதுதான் முதல் சோதனை. கூடவே தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை ஹார்மோன்கள், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், விட்டமின் டி எல்லாம் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை, அதைக் கேட்டு வாங்குங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கும் ஓட்டக்காரப் பெண்கள் அதிகம். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த நிலத்திலிருந்துதான் நாம் ஓடத் தொடங்குகிறோம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டாலே இரும்பு கூடுதலாக ஒட்டும். பீரியட்ஸை வரவழைக்க ஹார்மோன் மாத்திரை போதும் என்று யாராவது சொன்னால், எலும்புக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். மாத்திரையால் வரும் ரத்தப்போக்கு உடம்பு சரியானதற்கு அடையாளம் கிடையாது, எலும்பையும் அது காப்பாற்றாது. குறையை மறைத்துவிடும்.

வலி மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது, உங்கள்மேல் இல்லை. கடையில் கேட்டால் கிடைக்கிறது, ஓடுகிறவர்கள் மிட்டாய் மாதிரி பகிர்ந்துகொள்கிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நம் ஊர் வெயிலில், வியர்வையில் நீர் வற்றிய உடம்போடு நாலைந்து மணி நேரம் ஓடும்போது அதைப் போடுவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. இனி எந்த ஓட்டத்திலும் வேண்டாம். பயந்துபோய் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. 2002இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களை ஆராய்ந்தபோது 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. நிறையத் தண்ணீர் குடித்து, ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது முக்கியமாகத் தெரிந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

அப்பா சொன்ன கர்ப்பப்பை விஷயம் உண்மையில்லை. பல பிரசவம், வயது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் இவைதான் கர்ப்பப்பை இறங்குவதற்கு முக்கியக் காரணங்கள். இதே பயத்தைச் சொல்லித்தான் பெண்களை நெடுந்தூர ஓட்டத்துக்கு வெளியே வைத்திருந்தார்கள். பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் அதிகாரப்பூர்வமாக ஓட 1972 ஆயிற்று, ஒலிம்பிக்கில் 1984 ஆயிற்று. ஆனால் 'நிறுத்து' என்று அவர் சொன்னது இன்றைக்கு சரியான சொல். ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் காத்திருந்த மனிதர் அவர். இன்னொரு பிள்ளை ஆறு கிலோ இளைத்து, நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு என்ன தோன்றும்? ரிப்போர்ட்டுகளை அவரிடம் காட்டுங்கள். முடிந்தால் மருத்துவரிடமே அழைத்துப் போங்கள். கர்ப்பப்பை பற்றி அவர் நேரடியாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி, பணம் கொடுத்தவர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த இடம் இதுதான். தனக்காக ஓடுகிறவருக்குக் கால் வலித்தால் நின்றுவிடுவார். தர்மத்துக்காக ஓடுகிறவர் நிற்க வெட்கப்படுகிறார், வலியை மறைக்கிறார், மாத்திரை போடுகிறார். நல்ல பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் கொடுத்த வாக்கில் இரண்டு வாக்குகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: ஆறு லட்சம் திரட்டுவது ஒன்று, 12 மாரத்தான் ஓடுவது இன்னொன்று. அறக்கட்டளைக்கும் அங்கே படுத்திருக்கும் குழந்தைகளுக்கும் முதல் வாக்குதான் வேண்டும். இரண்டாவதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

டெர்ரி ஃபாக்ஸைச் சொன்னீர்கள். அவர் கதையில் எல்லோரும் ஓட்டத்தைப் பார்க்கிறார்கள். நின்ற பிறகு நடந்ததையும் பாருங்கள். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்தவர், 1980 ஏப்ரல் 12ஆம் தேதி கனடாவின் கிழக்குக் கரையில் செயின்ட் ஜான்ஸ் நகரில் ஓட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னால் ஒரு வருடத்துக்கும் மேல் பயிற்சி, அதிலேயே 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்குப் புற்றுநோய் பரவியதால் செப்டம்பர் 1ஆம் தேதி தண்டர் பே அருகே நின்றார். அன்றைக்குச் சேர்ந்திருந்தது 17 லட்சம் கனடா டாலர். அடுத்த பிப்ரவரிக்குள் அது 2 கோடியே 41 லட்சத்தைத் தாண்டியது. கனடாவில் தலைக்கு ஒரு டாலர் என்பது அவர் ஆசை, அது நிறைவேறியது. அவர் நாட்டின் மறுகரையைத் தொடவே இல்லை. ஆனாலும் பணம் வந்துகொண்டே இருந்தது. அவர் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் இன்றும் போட்டி கிடையாது, நடந்தும் போகலாம், சைக்கிளிலும் போகலாம். சென்னையில் ஐஐடி வளாகத்தில் அதை நடத்தியிருக்கிறார்கள்.

2011இல் இலங்கையில், தெல்லிப்பளையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காகத் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள், சுமார் 670 கிலோமீட்டர் நடந்தார்கள். ஒருவரே ஓடித் தீர்க்கவில்லை. தொடங்கியவர்கள் முழுதும் நடந்தார்கள், வழியில் ஊர் ஊராக மக்கள் சேர்ந்துகொண்டு முடிந்த தூரம் நடந்தார்கள். உங்களுக்கும் இந்த வழி இருக்கிறது. மீதி ஒன்பது மாரத்தானை உங்கள் கல்லூரி, உங்கள் குரூப், தம்பியின் பள்ளிக்கூடம் என்று பங்கு போடுங்கள். 42 பேர் ஆளுக்கொரு கிலோமீட்டர் நடந்தால் ஒரு மாரத்தான். அந்த 42 பேர் வீட்டிலும் ஒரு நூறோ ஐநூறோ கொடுப்பார்கள். நீங்கள் தனியாக ஓடி வாங்குவதைவிட இது வேகமாகச் சேரும் என்றே நினைக்கிறேன்.

அறிவிப்பை எப்படி எழுதுவது என்று தயங்கினால் இப்படி எழுதலாம்: "காலில் காயம், மருத்துவர் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார். 12 மாரத்தானை என்னால் இந்த வருடம் முடிக்க முடியாது. ஆறு லட்சம் இலக்கு அப்படியே இருக்கிறது. இதுவரை வந்தது 1,40,000 ரூபாய். ஓட்டத்துக்காக மட்டுமே கொடுத்தேன், திரும்ப வேண்டும் என்பவர்கள் ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன். மீதியை அறக்கட்டளைக் கணக்கில் கட்டி ரசீதை இங்கே போடுகிறேன்." இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்டு நீட்டாதீர்கள். எலும்பு, பீரியட்ஸ் விவரமெல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பணம் இப்போது உங்கள் யுபிஐ எண்ணுக்கு வருகிறதென்றால் அதையும் மாற்றுங்கள். நேரே அறக்கட்டளையின் கணக்குக்கே போகட்டும். நீங்கள் மொத்தமாக வாங்கிக் கட்டினால் ரசீது உங்கள் பெயரில்தான் வரும், கொடுத்தவர்களுக்கு நன்கொடைக்கான வரிச் சலுகை கிடைக்காது. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் அந்தச் சலுகை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் தருவதாகச் சொன்னால், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதா என்று அறக்கட்டளையிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அது இல்லாமல் அவர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது.

திரும்ப எப்போது ஓடலாம்? நடக்கும்போது, படி ஏறும்போது, விரலால் அழுத்தும்போது வலி இல்லை என்றாகி, மருத்துவரும் சரி என்ற பிறகு. அதுவரை அவர் அனுமதித்தால் நீச்சல், சைக்கிள். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள். பீரியட்ஸ் திரும்பாமல் தூரத்தைக் கூட்ட வேண்டாம். எல்லாம் நன்றாகப் போனால் அடுத்த வருடம் கோவை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடலாம். அதுவும் புற்றுநோய்க்காகவே, கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிற ஓட்டம்தான். ஃபுல் மாரத்தான் அதற்கடுத்த வருடம், அதற்கப்புறமும் வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உங்களுக்கு அவசரமே இல்லை. முதல் ஒலிம்பிக் பெண்கள் மாரத்தானை வென்ற ஜோன் பெனாய்ட்டுக்கு அப்போது 27 வயது. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது அவருக்கு 37.

எம்ஆர்ஐ எடுத்ததும் அறிக்கையையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எனக்கு அனுப்புங்கள். விரிசல் எந்த இடத்தில், எந்த அளவில் என்று பார்த்துவிட்டு எத்தனை வாரம் ஓய்வு, எப்போது சைக்கிள் என்று தனியாக எழுதுகிறேன்.